வீடா? விடுதியா?



‘தீவுக்குச் சுற்றுலா போகும் குடும்பத்துக்கு நிம்மதி தருவது வாடகை வீடா? ஓட்டல் அறையா?’ இதுதான் தலைப்பு. தலைப்பைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் மாலத்தீவு, அந்தமான்னு கத்துனாங்க. கத்தட்டும், ஆசைப்படுற வயசு. ஆனா நம்ம அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பம் முதன்முதலில் போகிற தீவு எது? ராமேஸ்வரம்! அது தீவு என்பதே நமக்கு மறந்துபோச்சய்யா. பாலம் மறக்கடித்துவிட்டது. 1914இல் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம். ராத்திரி ரயிலில் படுத்தால் காலையில் பாம்பன் கடலைத் தாண்டிவிடுகிறோம். அதனால் ராமேஸ்வரத்தையே வைத்துத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்ற தீவுகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லணும். இந்தப் பட்டிமன்றம் இன்றைக்குத் தொடங்கியது இல்லை. சேதுவுக்கு நடந்துபோன காலத்திலேயே இது உண்டு. சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நகரத்தார் விடுதி கட்டினார்கள். வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர்கள் பலர் புரோகிதர்களின் வீட்டிலேயே தங்கினார்கள். ஆக, ஒரு பக்கம் சத்திரம், ஒரு பக்கம் வீடு. ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். அன்றைக்கு யாத்திரிகர் தங்கிய வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். அடுப்பு எரிந்தது. ‘வாங்க, கை கால் கழுவிட்டு உட்காருங்க’ன்னு சொல்ல ஒரு வாய் இருந்தது. இன்றைக்கு நாம் எடுக்கிற வாடகை வீட்டில் எல்லாம் இருக்கு, ஏசி இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, சோபா இருக்கு. வீட்டுக்காரர் மட்டும் இல்லை! சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும், எடுத்துக்கோங்கன்னு போனில் செய்தி வருது. (சிரிப்பு)

சரி, வாதங்களுக்கு வருவோம்.

வீட்டு அணியின் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். ‘எட்டுப் பேர் போகிறோம். ஓட்டலில் மூன்று அறை. அறைக்கு 2,500 என்று வைத்தால் 7,500 ரூபாய். முழு வீடு 6,000. நாளைக்கு 1,500 மிச்சம்’ என்றார். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா கணக்கு அங்கே முடியவில்லையே! வரியைச் சேர்த்துச் சொன்ன வாடகையா என்று கேட்டாரா? 2025 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ஓட்டல் அறைக்கு 5 சதவீதம் வரி, அதற்கு மேலே போனால் 18. மூன்று அறையைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் 5 சதவீதத்துக்குள் நிற்கும். பெரிய வீடாகப் பார்த்து 8,000, 9,000 என்று ஒரே வாடகையாகப் பேசினால் 18 வரக்கூடும். அப்புறம் சுத்தம் செய்கிற கட்டணம், முன்பணம், வீடு ஊருக்கு வெளியே இருந்தால் ஆட்டோக் காசு. எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகை என்ன? இந்த ஒரு கேள்வியை இரண்டு இடத்திலும் கேளுங்க. பாதிச் சண்டை தீர்ந்துபோகும்.

இன்னொரு தொகை இருக்கு. அதை யாருமே எழுதுறதில்லை. எட்டுப் பேருக்கு மூன்று வேளைச் சமையல். ஒரு சமையல்காரரைக் கூப்பிட்டால் என்ன கூலி கேட்பார்? பாத்திரம் கழுவ ஆள் வைத்தால் என்ன கொடுப்பீங்க? வீடு மலிவு என்கிறோமே, ஏன் மலிவு தெரியுமா? அம்மாவின் கூலியை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால்தான் மலிவு! (கைதட்டல்)

ஓட்டல் அணியில் பேசிய சகோதரி இதைத்தான் பிடித்தார். ‘ஐயா, ஓட்டல் அறையில் அடுப்பு கிடையாது. அதுதான் அந்த அறையில் எனக்குப் பிடித்த வசதி’ என்றார். இந்த மேடையில் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அது. இந்த ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கிற வீடுகள் எத்தனை? காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு நாலரை மணிக்கு டிபன், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஏழரைக்கு, ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவருக்கு ஒன்பதுக்கு. ஒரே காலையில் மூன்று காலை! அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், கடல் தெரிகிற இன்னொரு அடுப்படியில் நிறுத்துவதற்குப் பெயர் சுற்றுலாவா?

வீட்டு அணியிலும் நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. ‘சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிற எங்க மாமனார் ஓட்டல் சாப்பாடு சாப்பிட மாட்டார், உப்புக் குறைத்த கஞ்சி வேணும். கைக்குழந்தைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வெந்நீர் வேணும். எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசணும், ஓட்டல்னா ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கிறோம்’ என்றார் ஒரு தம்பி. உண்மைதான். அண்ணன் குடும்பம் முதல் மாடி, தம்பி குடும்பம் மூன்றாம் மாடி, நடுவில் பாட்டி லிப்டில் போய் வந்துகொண்டிருக்கிறார்.

இனி, இரண்டு அணியும் தொடாமல் விட்ட சில விஷயங்கள். தங்குமிடம் பார்க்கிறவர்களுக்கு இவைதான் முக்கியம்.

ஒன்று, தூரம். ராமேஸ்வரத்தில் என்ன செய்யப்போகிறோம்? விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனம். அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. அப்புறம் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தம், வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஈரம். ஈரத்துணியை மாற்றினால்தான் சந்நிதிக்குப் போகலாம். அறை நடக்கிற தூரத்தில் இருந்தால் மாற்றிவிட்டு வந்துவிடலாம். கடலோர வீடு அழகாக இருக்குன்னு தனுஷ்கோடி சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி எடுத்தால், எழுபது வயதுப் பாட்டி சொட்டச் சொட்ட ஆட்டோவில் காற்றில் உட்காரணும். படத்தில் கடல் எவ்வளவு பக்கம்னு பார்க்கிறோமே, கோயில் எவ்வளவு தூரம்னு பார்க்கிறோமா?

இரண்டு, நேரம். ரயில் விடிவதற்கு முன்னால் இறக்கிவிடும். அறையோ, வீடோ, பகல் பன்னிரண்டுக்குத்தான் திறப்போம் என்றால் அதுவரை பெட்டியை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது? கோயில் ஊர்களில் சில லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு நுழைகிறோமோ மறுநாள் அதே மணி வரை. ரயிலில் போகிற குடும்பத்துக்கு இது பெரிய உதவி. கேட்டு வாங்கணும்.

மூன்று, தண்ணீர். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மண். நிலத்து நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். வாடகை வீட்டில் தொட்டி காலியானால், மோட்டார் எங்கே, சுவிட்ச் எங்கே, யாரைக் கூப்பிடுவது? குளிக்கிற எட்டுப் பேரில் நாலாவது ஆள் தலையில் சோப்போடு நிற்கும்போதுதான் தெரியும், வீட்டுக்காரர் இல்லாத வீடு என்றால் என்னவென்று. (சிரிப்பு)

நான்கு, பாதுகாப்பு. இதைச் சிரிக்காமல் கேளுங்க. நம்ம அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்தது 1964. அதே 1964, டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்தது, இன்றைக்கு எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஆனா பொழுது சாய்ந்தால் அங்கே இருக்க விடமாட்டார்கள். ஏன்? அந்த ராத்திரி அப்படி. இன்றைக்கு முன்னறிவிப்பு எல்லாம் வந்துவிட்டது, பயப்பட வேண்டாம். ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள், ராத்திரி காற்று பலமானால் கதவைத் தட்டி எழுப்ப ஆள் இருக்கிற இடத்தில் தங்கணும். ஓட்டலில் வரவேற்பறையில் ஒருவர் இருப்பார். வீடு எடுத்தால் காவல்காரர் அந்த வளாகத்திலேயே படுக்கிறாரா என்று கேளுங்க. தாத்தாவுக்கு நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் வழி சொல்லவும் ஓர் ஆள் வேணும்.

ஐந்து, ஏமாற்று. படத்தில் நீச்சல் குளம் இருக்கும், போய்ப் பார்த்தால் வீடே இருக்காது. கோயில் விடுதி, அரசு விடுதி என்ற பெயரிலேயே போலி இணையதளம் வைத்துப் பணம் வாங்குகிற கூட்டம் உண்டு. முழுப் பணத்தையும் முன்கூட்டி யார் கேட்டாலும் நிதானியுங்க. அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீங்க, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

இந்த ஐந்தையும் எந்தத் தீவுக்கும் போட்டுப் பாருங்க. மாலத்தீவில் 1972இல் முதல் விடுதியாகக் குரும்பா வந்தது. அங்கே பல இடங்களில் ஒரு தீவு முழுக்க ஒரே விடுதிதான். சாப்பாடு விலை அதிகம், பக்கத்துத் தெருவில் இட்லி சாப்பிடலாம்னா, பக்கத்துத் தெரு கடல்! அதனால் சாப்பாடு சேர்த்த வாடகையா என்று கேட்டே ஆகணும். மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் பின்னாளில் சின்ன விடுதிகள் வந்தன; அங்கே கடைத்தெரு இருக்கும், செலவு குறையும். அந்தமானில் 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கில், காற்று அடித்துப் படகு நின்றால் ஒரு நாள் கூடத் தங்கவேண்டி வரும். ஓட்டலில் வேறு அறையாவது பார்த்துக் கொடுப்பார்கள். வாடகை வீட்டுக்கு மறுநாள் வேறு குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும்.

இப்போ தீர்ப்பு.

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆள். சொல்லைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விடுதி என்ற சொல் எதிலிருந்து வந்தது? ‘விடு’ என்ற வினையிலிருந்து. வீடு? அதுவும் ‘விடு’தான். இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்போம். விடு என்பது நீண்டு வீடு ஆனது. அறம், பொருள், இன்பம் கடந்து கடைசியில் வீடு என்கிறோமே, பற்றை விடுவதால் அது வீடு. நாம் கேட்டு வாங்குகிற விடுமுறை? அதிலும் ‘விடு’ இருக்கு. மூன்று சொல்லுக்கும் தாய் ஒன்று. எதையாவது கீழே விட்டால்தான் அது விடுமுறை!

ஆபீஸ் பையை அப்பா விட்டுட்டார். புத்தகப் பையைப் பிள்ளைகள் விட்டுட்டாங்க. அம்மா கரண்டியை விட்டாரா? விடலைன்னா, அவருக்கு அது வீடும் இல்லை, விடுதியும் இல்லை, விடுமுறையும் இல்லை. ராமேஸ்வரத்தில் அடுப்படி, அவ்வளவுதான்.

ஆகவே, இரண்டு இரவு, மூன்று நாள் என்று போகிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, கோயிலுக்கு நடக்கிற தூரத்தில், சுத்தமான ஓர் ஓட்டல் அறையே நிம்மதி தரும் என்று தீர்ப்பளிக்கிறேன். (கைதட்டல்)

பொறுங்க, வீட்டு அணியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து நாலைந்து நாள் தங்கினால், கைக்குழந்தையோ பத்தியச் சாப்பாட்டுப் பெரியவரோ கூட இருந்தால், வீடு எடுங்க. ஆனா மூன்று நிபந்தனை. காவல்காரர் அங்கேயே இருக்கணும். அடுப்பு கஞ்சிக்கும் பாலுக்கும் மட்டும். மற்றச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரணும், இல்லேன்னா கூலி கொடுத்துச் சமையலுக்கு ஆள் வைக்கணும். மூன்றாவது நிபந்தனை, முன்பணம் கட்டும் முன்னால் வீட்டு அம்மாவிடம் கேட்கணும். ‘எங்கே தங்கலாம்?’ என்று கேட்காதீங்க. கேட்டால், ‘உங்க இஷ்டம்’ என்பார்கள். ‘அங்கே போனதும் நீ எதைச் செய்யக்கூடாதுன்னு நினைக்கிறே?’ என்று கேளுங்க. பதில் என்னவோ, அதுக்கு ஏற்ற இடத்தைப் பிடிங்க.

நல்லபடியாகப் போய்வாருங்கள்.