நாய் மோப்பம் பிடிக்கும்; ஊசியை யார் போடுவது?

"டாக்டர், அமெரிக்காவுல அலர்ஜிப் பிள்ளைங்களுக்கு நாய் பழக்கித் தர்றாங்களாமே, நமக்கும் கிடைக்குமா?" செல்போனில் வீடியோவைக் காட்டி இப்படிக் கேட்கும் பெற்றோர் இப்போது அதிகம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் போன தடவை பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தபோது, அதே வீட்டில் வேப்பிலை அடித்து, வெற்றிலையில் மிளகு மடித்து மெல்லக் கொடுத்து, 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, காணாக்கடி இறங்கட்டும்' என்று காத்திருந்திருப்பார்கள். உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

நாய் என்ன செய்யும்?

போலீஸ் மோப்ப நாயைப் பழக்கும் அதே முறைதான். ஓட்டை போட்ட டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் வேர்க்கடலை. சரியான டப்பாவின் முன் உட்கார்ந்தால் தீனி. அங்கிருந்து சாப்பாட்டுத் தட்டு, பிஸ்கட் பொட்டலம், வகுப்பறை மேசை என்று பழக்க மாதக்கணக்கில் ஆகும். செலவு பல ஆயிரம் டாலர். வீட்டுக்கு வந்த பிறகும் பயிற்சியை விட்டால் மறந்துவிடும். அந்தப் பயிற்சிக்காக வேர்க்கடலையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள சில பிள்ளைகளுக்கு நாயே ஒத்துக்கொள்ளாது.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவி நாயைக் கடைக்கும் ஓட்டலுக்கும் அழைத்துப் போகலாம். இங்கே? சந்நிதித் தெருவில் நம் தெருநாய்களைத் தாண்டி அதை நடத்திக்கொண்டு போவதே பெரும்பாடு. கருட சேவைக் கூட்டத்தில் யாரோ ஒருவர் பிள்ளை கையில் பிரசாதத் தொன்னையைத் திணிப்பார். புளியோதரையில் வேர்க்கடலை, பொங்கலில் முந்திரி, சுண்டலில் கொண்டைக்கடலை. பழக்கிய வாசனையைத்தான் நாய் காட்டிக்கொடுக்கும். தவறி வாய்க்குள் போய்விட்டால் அதனால் ஊசி போட முடியாது.

இவற்றை நம்பாதீர்கள்

தடிப்பு மட்டும் என்றால் பதற வேண்டாம். ஒத்துக்கொள்ளாத ஒன்றைத் தின்ற பிறகு தடிப்போடு விடாத இருமல், குரல் கம்மல், மூச்சிழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு சரிதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது காணாக்கடி அல்ல, அனபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. சில பிள்ளைகளுக்குத் தடிப்பே வராது.

மெடிக்கல் ஷாப்பில் அவில், செட்டிரிசின் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது அரிப்பைத்தான் அடக்கும். வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பிள்ளையின் தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த முறையும் மாத்திரை அட்டையோடுதான் வருகிறார்கள்.

'முந்திரியைப் பொறுக்கிட்டுத்தான் கொடுத்தேன்' என்பார் பாட்டி. முந்திரி வறுத்த நெய்யே சில பிள்ளைகளுக்குப் போதும். 'கொஞ்சங்கொஞ்சமா கொடுத்தா பழகிடும்' என்பது இன்னொன்று. அப்படி ஒரு சிகிச்சை உண்டுதான். மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் மேற்பார்வையில் செய்வது, அடுப்படியில் கரண்டியால் செய்வதல்ல. 'போன தடவை அரிப்போட போச்சே' என்பதும் ஜாமீன் ஆகாது.

டூவீலரில் இருவருக்கு நடுவே பிள்ளையை நிமிர்த்தி நெருக்கி உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். ரத்த அழுத்தம் விழும்போது நிமிர்த்தினால் உயிருக்கே ஆபத்து. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் கால் நீட்டி உட்காரட்டும். நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அட்ரினலின்

முதல் மருந்து இதுதான். தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி.; தேறாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடியும். வெளிநாட்டில் பேனா வடிவில் விற்பது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளையின் டாக்டரிடம் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதி வாங்கி, அளவை அட்டையில் குறித்து, எடுத்துப் போடப் பழகிக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் இதயம் நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். சற்று நேரம் படபடக்கும், கை நடுங்கும், அவ்வளவுதான்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியத் தோல் பரிசோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ பரிசோதனையும் உண்டு. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்திவிடாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நம் நெசவாளர் வீடுகளில் அப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டால் பிள்ளை எதைத் தின்கிறது என்று பார்க்க ஆளிருக்காது. ஆகவே பாட்டி, எதிர்வீட்டு அக்கா, வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் ஊசி இருக்கும் இடம் தெரியட்டும். பீரோவில் பூட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் சேர்மானங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஊசி போட்டதும் பிள்ளை எழுந்து விளையாடும். உடனே 'பாவு பாதியில நிக்குது டாக்டர், கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறோம்' என்பீர்கள். சில மணி நேரம் கழித்து அதே தாக்குதல் திரும்ப வருவதுண்டு. டாக்டர் போகச் சொல்லும்வரை வார்டிலேயே இருங்கள்.