சிறு சில்லின் சிக்கனம்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை இவ்வூர் முதியோர் இன்றும் மறந்திலர். அத்தகைய புயலில் மின்கம்பிகள் அறுந்து ஊர் இருளில் மூழ்கும். அவ்வேளையில் உற்றாரை அழைக்க இன்று நமக்குக் கைகொடுப்பது கையடக்கத் தொலைபேசி. அதன் மின்கலத்தில் எஞ்சியிருக்கும் மின் ஒவ்வொரு துளியும் அப்போது பெருஞ் செல்வமாகும். அச்செல்வத்தின் ஒரு பெரும் பங்கைச் செலவிடும் பொறுப்பு, உள்ளே அலைகளை அனுப்பியும் வாங்கியும் தொழிற்படும் சிறு சில்லினுடையது.

வாவியின் நடுவே தோணியில் இருப்பவர் பேசுகிறார் எனக் கொள்வோம். கோபுரம் அருகிலிருப்பின் மெல்லிய குரல் போதும்; தொலைவிலிருப்பின் உரக்கக் கூவுதல் வேண்டும். இரண்டாந் தலைமுறைத் தொலைபேசியொன்று 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் உச்சமாக 2 வாற்று வலுவை வீசும். அருகிலிருப்பின் ஏறத்தாழ 3 மில்லிவாற்றுக்கு இறங்கிவிடும். எவ்வளவு வேண்டுமெனக் கோபுரமே அதற்குக் கட்டளையிடும். எப்போதும் கூவினால் மின்கலம் வற்றுவதோடு, பிறர் பேச்சும் குழம்பும்.

கேட்பதற்கும் செலவுண்டு. வந்து சேரும் அலை மிக மெலிந்தது. அதனைப் பெருக்கும் முதற்சுற்றுத் தன் இரைச்சலை அடக்கிக் கொள்வதற்குக் கூடிய மின்னோட்டத்தை வேண்டும். ஆதலால் தொலைபேசி இடைவிடாது செவிசாய்ப்பதில்லை. உறங்கி, குறித்த கணத்தில் விழித்து, அழைப்புண்டோ எனப் பார்த்து, மீண்டும் உறங்கும். உறக்கம் நீண்டால் மின் மிஞ்சும். அழைப்போ சற்றுத் தாமதித்தே வந்தெட்டும்.

சில்லினுள் நிகழும் கணிப்புக்கும் மின் வேண்டும். இதனைக் குறைக்க வழி காட்டியோருள் ஒருவர் சென்னையிற் பிறந்த அனந்த சந்திரகாசன். 1992இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் ஷெங், புரோடர்சன் ஆகியோருடன் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒரு கணிப்புக்குச் செலவாகும் ஆற்றல் காற்பங்காகும். ஆனால் சுற்று மந்தமாகும். அவர்கள் கண்ட பரிகாரம் எளியது. விரைந்தோடும் மாடு ஒன்றுக்குப் பதிலாக ஆறுதலாக நடக்கும் மாடுகள் இரண்டைப் பூட்டுவது போல, ஒரே வேலையை இரு சுற்றுகளுக்குப் பகிர்ந்தளித்தனர். மின்னழுத்தம் 5 வோல்ற்றிலிருந்து 2.9 ஆக இறங்கியது. வேகம் குறையாமலே வலு 36 வீதமாயிற்று. சில்லிற் பிடித்த இடமோ 3.4 மடங்கு பெருகிற்று. இடத்தைக் கொடுத்து மின்னை வாங்கிய வாணிகம் இது! சந்திரகாசன் 2017இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பொறியியற் பீடாதிபதியானார்.

எனினும், வானில் வீசும் அலைக்கு இவ்வுபாயம் முற்றும் உதவாது. அது கோபுரத்தை எட்டியே ஆகவேண்டும். எனவே, இடர்வேளையில் நீண்ட பேச்சைத் தவிர்த்து, நலமென ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதே அறிவுடைமை. சில நொடியில் அனுப்பி முடித்துச் சில்லு உறங்கச் செல்லும்.

மாணவர்காள்! சிக்கனம் என்பது செய்யாது விடுதல் அன்று. வேண்டிய பொழுதில் வேண்டிய அளவு செய்தலே. சில்லை வடிப்போர் இரவும் பகலும் தேடுவது அவ்வளவைத்தான்.