ஆலைக் கழிவுநீரும் அடுப்பெரிக்கும்

திருநாள் பாயசத்தில் வெண்முத்தென மிதக்கும் ஜவ்வரிசியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால், அதனை உருவாக்கும் ஆலையிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேகோ ஆலைகள் மிகுதி. மரவள்ளி பயிரிடும் உழவரும், ஆலைத் தொழிலாளரும் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர். 1981-இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் இதற்குச் சந்தை அமைத்துக் கொடுத்தது. தொழில் வாழ வேண்டும். அண்டை வீட்டாரின் கிணறும் வாழ வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா?

தீங்கு எவ்வாறு விளைகிறது?

கிழங்கைத் தோல்நீக்கி, கழுவி, அரைத்து, திப்பியை வடித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிடுவர். மாவு அடியில் தங்கும்; மேல்நீர் கழிவாக வெளியேறும். அதில் கரைந்த மாவுப்பொருளோடு, மரவள்ளிக்கு இயல்பாகவே உரிய சயனைடு நஞ்சும் சிறிதளவு கலந்திருக்கும். தேங்கி நின்றால் புளித்து நாறும். ஏரியில் கலந்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மடியும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நமது நாட்டின் பொது விதி. சேகோ கழிவுநீரிலோ அது பல ஆயிரம் மில்லிகிராம்!

தீமையினின்று நன்மை

1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் கேட்சே லெட்டிங்கா என்னும் அறிஞர், சர்க்கரைக்கிழங்கு ஆலைக் கழிவுநீருக்கென எளிய முறையொன்றை வகுத்தார். மூடிய தொட்டியின் அடியிலிருந்து நீர் மெல்ல மேலெழும். கடுகளவு உருண்டைகளாகத் திரண்ட நுண்ணுயிர்கள், காற்றின்றியே அழுக்கை உண்டு மீத்தேன் வாயுவை ஈனும். வாயு மேலே சேரும். உருண்டைகள் மீண்டும் அடியில் படியும். இம்முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. உலகம் முழுவதும் தடையின்றிப் பயன்படுத்தட்டும் என விட்டுவிட்டார். 2007-இல் டைலர் பரிசு அவரைத் தேடி வந்தது.

காற்றில்லாத் தொட்டி முறையில் சேகோ ஆலைகள் பலவும் இன்று எரிவாயு பெறுகின்றன. நாற்றமெடுத்த நீரே ஆலைக்கு வெப்பமும் மின்சாரமும் தருகிறது.

கவனிக்க வேண்டியவை

எனினும், தொட்டி கட்டியதும் கடமை தீர்ந்துவிடாது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் புளிப்பைத் தாங்கா. ஆகவே சுண்ணாம்பு போன்றவற்றால் புளிப்பைத் தணித்தல் வேண்டும். திப்பியும் மண்ணும் முன்னரே நீக்கப்பட வேண்டும். தொட்டியிலிருந்து வெளிவரும் நீரும் முற்றிலும் தூயதன்று. காற்றூட்டி மறுமுறையும் சுத்திகரித்த பின்னரே அதனை வெளிவிடலாம். யாவற்றிற்கும் மேலாக, கழுவும் நீரைத் திரும்பப் பயன்படுத்தினால் கழிவே குறையும்.

சிற்றாலைகளுக்கு இச்செலவு பெருஞ்சுமையே. ஆனால், ஆலை செய்யாத செலவைக் கிணற்று நீரை இழந்த ஏழைக் குடும்பம் குடம் குடமாகச் சுமந்து தீர்க்கிறது. அண்மையிலுள்ள சிற்றாலைகள் ஒன்றுகூடிப் பொது நிலையம் அமைக்கலாம்; அரசு கடனுதவி நல்கலாம். ஆலையின் வருவாயில் ஒரு பங்கு நீருக்கும் உரியது என்பதை உணர்ந்தால் போதும். தொழிலும் வாழும், ஊரும் வாழும்.