பூமிக்கடியில் எட்டுக் காலி அறைகள்

ஹாலிவுட்டில் வைன் தெருவில் பதின்மூன்று மாடி வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கேபிடல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1956இல் கட்டி முடித்தது. அதன் உச்சி விளக்கு மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாலிவுட்’ என்று எழுத்து எழுத்தாகக் கண் சிமிட்டும். வருகிறவர்கள் அண்ணாந்து அதைத்தான் பார்க்கிறார்கள். உண்மையான அதிசயம் முப்பது அடி ஆழத்தில், மண்ணுக்குள் இருக்கிறது. எட்டு கான்கிரீட் அறைகள். ஒவ்வொன்றிலும் இருப்பது ஒலிபெருக்கியும் மைக்கும் மட்டுமே.

இவை எதிரொலி அறைகள். மேலே ஸ்டூடியோவில் பதிவாகும் குரல் கம்பி வழியாக இறங்கி, கீழே ஒலிபெருக்கியில் ஒலிக்கும். வெற்றுச் சுவர்களில் மோதிச் சிதறுவதை அங்குள்ள மைக் பிடித்து மேலே அனுப்பும். பதிவுப் பொறியாளர் அதை மூலக் குரலோடு வேண்டிய அளவு கலந்துகொள்வார்.

எதற்கு இந்தச் சுற்றுவழி? ஒலியை உறிஞ்சும் சுவர்களுக்கு நடுவே, மைக்குக்கு நெருக்கமாகப் பாடிய குரல் வறண்டு கிடக்கும். குளியலறையில் பாடினால் நம் குரலே நமக்குப் பிடித்துப்போகிறதல்லவா, அந்த ஈரத்தைத்தான் இந்த அறைகள் சேர்க்கின்றன. அடுத்தடுத்து வரும் பிரதிபலிப்புகளுக்கு இடையே இருபதில் ஒரு விநாடிகூட இல்லை என்றால் மூளை அவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. நீண்டு தேய்ந்து மறையும் ஒரே ஒலியாகக் கேட்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

இந்த அறைகளில் அது ஐந்து விநாடி வரை நீடிக்கும். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அப்படியென்றால் ஒரு சின்ன அறைக்குள், நூற்றுக்கணக்கான தடவை சுவரில் மோதி, ஒரு குரல் 1,700 மீட்டர் ஓடுகிறது! எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் ஒலி இரண்டுக்கும் நடுவே பந்துபோல் போய்வந்து படபடக்கும். அதனால் சுவர்களைக் கோணலாகக் கட்டினார்கள். அவற்றின் கனம் பத்து அங்குலம். தெருவின் இரைச்சல் உள்ளே வரக்கூடாது.

வடிவமைத்தவர் லெஸ் பால். கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மின்கிதாருக்குப் பெயர் தந்தவரும் இவரே. ராக் இசைக்கு வாத்தியமும் அறையும் ஒரே மனிதரின் வழியாக வந்தன என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் ராக் குழுக்கள் அந்தக் கட்டடத்துக்கு நல்ல பிள்ளைகளாக இருக்கவில்லை. 1962இல் கேபிடலில் சேர்ந்த பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்குப் பெரிய வாத்தியக் குழுக்களுக்காகக் கட்டிய அந்த ஸ்டூடியோ பிடிக்கவில்லை. வெளியே வேறு ஸ்டூடியோக்களுக்குப் போய்விட்டார். அதே நிறுவனத்தின் ‘தி பேண்ட்’ குழு தன் இரண்டாவது ஆல்பத்தை ஹாலிவுட்டில் ஒரு நீச்சல்குள வீட்டில் பதிவு செய்தது.

பீட்டில்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அவர்களை முதலில் வேண்டாம் என்று தள்ளிய கேபிடல், 1963 டிசம்பர் கடைசியில்தான் அமெரிக்காவில் வெளியிட ஆரம்பித்தது. லண்டனிலிருந்து வந்த நாடாக்களை அப்படியே விடவும் மனமில்லை. சில பாடல்களில் கூடுதல் எதிர்முழக்கத்தைக் கொட்டினார்கள். ஸ்டீரியோ பதிவு இல்லாதவற்றுக்கு ஒரு தந்திரம்: ஒற்றைத் தட ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கனத்த ஒலியையும் மற்றதில் கீச்சொலியையும் குறைத்து, ஒன்றை நூலளவு தாமதித்தார்கள். காது ஏமாந்து, இரண்டு பக்கமும் இசை கேட்பதாக நம்பியது. கெட்டிக்காரத்தனம்தான், இசைக்குச் செய்த நன்மை என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்கர்கள் கேட்ட அந்தப் பதிப்புகள் 2004இல் குறுந்தகடாக வந்தன. ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலை அதிலும் பிரிட்டிஷ் பதிப்பிலும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.