வயலுக்கு வரும் வெளிமான்: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலம் பகுதி விவசாயிகளுக்கு வெளிமான் புதிதல்ல. முளைத்து வரும் இளம்பயிரை மேய்ந்துவிட்டால் கோபம் வருவது இயற்கை. அந்தக் கோபத்தில் ஒரு சுருக்குக் கம்பி வைத்தாலும் சிறைக்குப் போக நேரிடும்.

அடையாளம்

கிடா மேலே கருப்பாகவும் வயிறு வெள்ளையாகவும் இருக்கும். கொம்பு முறுக்கிவிட்டதுபோல் நீளும். பெட்டை வெளிர் பழுப்பு நிறம், கொம்பு இருக்காது. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு, விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, விழாது.

ஏன் வயலுக்கு வருகிறது?

இது அடர்ந்த காட்டில் தங்காது. கண்ணுக்கெட்டும் தூரம் திறந்த புல்வெளிதான் இதன் வீடு. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பிக்கும். அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேல் மூடிவிட்டால் மேய இடமின்றி வயலைத் தேடி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் வெளிமான் உள்ளது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வதும் வேட்டைதான். இறைச்சி, தோல், கொம்பு வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பயிரை மேய்ந்தது என்ற காரணத்துக்காக இதைக் கொல்ல அனுமதி கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* மோட்டார் இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். மான் மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆளும் சாகலாம்.
* காப்புக்காட்டுக்கு அருகே சூரிய மின்வேலி அமைக்கும் முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள்.
* நாய்களை இரவில் அவிழ்த்துவிடாதீர்கள். நாய் துரத்தி இறக்கும் மான்கள் பல.
* புல்லுக்குள் குட்டி தனியாகப் படுத்திருந்தால் தூக்காதீர்கள். தாய்தான் அதை மறைத்துவிட்டு மேயப் போயிருக்கும். திரும்பி வந்து பால் கொடுக்கும்.
* அடிபட்ட மானைப் பார்த்தால் நீங்களே பிடிக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.
* பயிர் சேதமானால் அன்றே செல்போனில் படம் எடுங்கள். சிட்டா, அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் நிவாரணம் கேட்டு மனு கொடுங்கள். நாள் கடந்தால் பயிர் மீண்டும் துளிர்த்துவிடும். சேதத்தைக் காட்ட முடியாது.