சைலென்சருக்குள் ஓர் அணசு

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது ஒரு தென்னை சாய்ந்து, மாட்டுக் கொட்டகையின் கூரையோடு சேர்ந்து அந்த வண்டியின்மேல் விழுந்தது. டேங்க் நசுங்கியதோடு தப்பித்தது. விழுந்த மரங்களை எண்ணி முடிக்கவே நாளாகிவிட்டதால் வண்டியை யாரும் நினைக்கவில்லையாம். இப்போது வெளியே இழுத்துத் துடைத்திருக்கிறார். இரண்டு கேள்விகள் கேட்கிறார். எஞ்சினை வீட்டிலேயே பிரிக்கலாமா? ஊர்ப் பையன்கள், "மொதல்ல அந்த சைலென்சர் கொடலை உருவிப் போடுங்கக்கா, வண்டி பறக்கும்" என்கிறார்களே, செய்யலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாகப் பிரிக்கலாம். இரண்டாவதற்கு: கூடவே கூடாது. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொல்லப்போவதில்லை. டிவிஎஸ் 50-இல் விதைநெல் மூட்டை ஏற்றாத குடும்பம் டெல்டாவில் குறைவு. ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை, நகரும் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் திண்ணையில் சாக்கை விரித்துப் பிரிக்க ஏற்றது. ஆனால், அம்மா, பல வருஷம் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் பாதிக் கவலை தீர்ந்தது.

சிலிண்டர் பிளாக்கைத் தூக்கும்போது பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் கேஸின் வாயில் ஒரு சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். நான் அடைக்கவில்லை. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்லிப் துள்ளி நேராக உள்ளே விழுந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தத்தை நூலில் கட்டி, கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கொலுசு போடுவதுபோல அரை நாள் துழாவினேன். சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 50. போர் தேய்ந்திருந்தால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக்கொண்டு, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனுக்குத்தான் போர் போட வேண்டும், போருக்குப் பிஸ்டன் தேடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலென்சர் பக்கம் பார்க்க வேண்டும். கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்களை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். நின்ற வண்டியில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அந்த வழியாகத் திருட்டுக் காற்று புகுந்தால் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகும். ஆயில் பம்ப்பில் காற்று அடைத்திருக்கலாம் என்பதால் முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மறுபடி நிறுத்திவைப்பதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

எஞ்சின் கதை இவ்வளவுதான். இனி சைலென்சர்.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த புகை வெளியேறுவதும் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி மாறும் நேரத்தை நினைத்துக்கொள்வேன். சாப்பிட்டு எழுந்தவர்கள் பெரிய வாசல் வழியாகப் போவார்கள், காத்திருந்தவர்கள் பக்கத்து வாசல்களில் முண்டியடித்து நுழைவார்கள். அந்த நெரிசலில் இலையில் கையே வைக்காத சிலரும் கூட்டத்தோடு வெளியே தள்ளப்பட்டுவிடுவார்கள். எஞ்சினில் அப்படி வெளியே போவது எரியாத பெட்ரோல். காசும் போச்சு, ஊரும் நாறும்.

இதற்கு எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடு இருந்தது. வாசலுக்கு வெளியே தாம்பூலப் பை கொடுக்க ஒருவர் நிற்பார். அவரைப் பார்த்ததும் சாப்பிட்டு முடித்தவர்கள் தாமாகவே அந்தப் பக்கம் நகர்வார்கள், கூடம் காலியாகும். கொஞ்சம் தள்ளி என் பெரியப்பா நிற்பார். சாப்பிடாமல் வெளியே வந்தவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி, "சாப்பிடாமப் போறதாவது, உள்ள வாங்க" என்று கூடத்துக்குள் தள்ளுவார். அவர்கள் நுழைந்த கணத்தில் கதவு சாத்தப்படும்.

இந்த இரண்டு வேலையையும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலென்சர் என்று நாம் சொல்லும் புகைக்குழாய் செய்கிறது. அதில் நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. செய்வது வெறும் சத்தம்.

புகை வெளியேறும் துளை திறந்ததும் உள்ளிருந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரிய ஆரம்பிக்கும் இடத்தில் அந்த அலை தளர்கிறது. தளர்ந்த இடத்திலிருந்து ஓர் உறிஞ்சும் அலை எஞ்சினை நோக்கித் திரும்பி வருகிறது. இதுதான் தாம்பூலப் பை. இது எரிந்த புகையை இழுத்துவிட்டு, புதுக் கலவையையும் கொஞ்சம் குழாய்க்குள் இழுத்துவிடுகிறது. முதல் அலை இதற்குள் குழாயின் கடைசிக்குப் போயிருக்கும். அங்கே குழாய் திடீரென்று குறுகுகிறது. சுவரில் மோதியதுபோல, இம்முறை அழுத்தும் அலையாகத் திரும்புகிறது. அதுதான் பெரியப்பா. குழாய்க்குள் வந்துவிட்ட புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ள, பிஸ்டன் துளையை மூடுகிறது.

காலக்கணக்குதான் இதில் எல்லாம். ஆர்எக்ஸ் 100 தன் முழு 11 குதிரைத்திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். வினாடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடி. புகைத்துளை திறந்திருப்பது அதில் சுமார் பாதி, 4 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். சூடான புகையில் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். 4 மில்லி வினாடியில் 2 மீட்டர், அதாவது போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். இப்போது போய் உங்கள் சைலென்சரின் நீளத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். அந்த நீளம் அழகுக்காக வந்தது இல்லை.

இந்தக் கணக்கை நான் முதலில் புரிந்துகொண்டது ஒரு நாதஸ்வரத்தால். எங்கள் தெருவில் ஒரு வித்வான் குடியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து சீவாளியை எச்சிலில் ஊறவைப்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் வேடிக்கை பார்ப்பேன். பல வருஷம் கழித்து என் ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்தபோது, கார்புரேட்டருக்குப் பின்னால் ரீட் வால்வு இருந்தது. மெல்லிய எஃகு இதழ்கள், உள்ளே உறிஞ்சினால் திறக்கும், அழுத்தினால் மூடும். எஃகில் செய்த சீவாளி! நம் சீவாளி காவிரிக்கரைக் கொறுக்கையில் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. உள்ளே சீவாளி என்றால் வெளியே விரியும் குழாய் எது? நாதஸ்வரத்தின் மரக்குழாயான உலவின் நுனியில் மாட்டும் அணசு. அணசு வெறும் அலங்காரம் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒருமுறை வித்வான் அதைக் கழற்றிவிட்டு ஊதிக் காட்டினார். அதே சீவாளி, அதே மூச்சு, வேறு வாத்தியம்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் சாலையில் உள்ள நரசிங்கம்பேட்டை ஆசாரிகளுக்கு இது தலைமுறையாகத் தெரியும். பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு புழக்கத்திலிருந்த திமிரி என்ற வகை குட்டையானது, சுருதி தூக்கல். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி நீளமானது, சுருதி இறக்கம். குழாயை நீட்டினால் அலை திரும்ப நேரமாகும், அதனால் சுருதி இறங்கும். புகைக்குழாயும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. நீளக் குழாய் குறைந்த சுற்றில் இழுவை தரும், குட்டைக் குழாய் எகிறும் சுற்றில் தரும். திமிரிக் குழாயை மாட்டிவிட்டு, பாரி வேகத்தில் தஞ்சாவூர்க் கீழவாசல் நெரிசலில் உருட்டினால் வண்டி முக்கத்தான் செய்யும்.

குழாயின் இந்த வித்தையை முழுமைக்குக் கொண்டுவந்தவர் வால்ட்டர் காடென் என்ற ஜெர்மானியர். உலகப்போரின்போது பீனமுண்டே ஆயுத ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். பிறகு கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்தினார். காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. குழாய்க்குள் அலை ஓடுவதை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துத் தகரத்தை வெட்டி ஒட்டினார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200. டர்போ போன்ற துணை எதுவும் இல்லாமல் அதுவரை யாரும் தொடாத கணக்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தன்று அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி ஓடினார். பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குழாய் ரகசியத்தோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி. 1962-இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவர் டெக்னர். பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் அந்த வித்தை பொதுச்சொத்தானது. 1985-இல் நம் ஊருக்கு வந்த ஆர்எக்ஸ் 100-இன் குழாயிலும் அந்தத் தகரம் வெட்டியவரின் கை உண்டு என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

சைலென்சர் குடல் என்று பையன்கள் சொல்வது பேஃபிளை. சத்தத்தைக் குறைக்க யாரோ திணித்துவைத்த முட்டுக்கட்டை என்று நினைக்கிறார்கள். நானும் இருபத்திமூன்று வயதில் அப்படித்தான் நினைத்து உருவினேன். சத்தம் பிரமாதம். ஆனால் நாலாம் கியரில் ஏறும் வல்லம் மேட்டுக்கு மூன்று தேவைப்பட்டது. வீட்டு வாசலில் வந்து நிறுத்தினால், "மினி பஸ் வருதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா. குழாயின் முடிவில் இருக்கும் நெருக்கம் போனதும் உள்ளே நிற்க வேண்டிய அழுத்தம் ஒழுகிவிடுகிறது, பெரியப்பாவின் கை தளர்ந்துவிடுகிறது. கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். வேகம் கூடியதாகத் தோன்றியதெல்லாம் காதுக்குத்தான்.

உருவிய பேஃபிளைத் திரும்ப மாட்டிவிடலாம். இன்னொரு வேலை நடக்கிறது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 'போர்ட்டிங்' என்று சொல்லி, கை கிரைண்டரை வைத்து பிளாக்கின் புகைத்துளையை மேலே மேலே ராவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலும் மொத்தக் காலக்கணக்கும் மாறும். அதற்கேற்ற குழாயைச் செய்யத் தெரிந்தவர் செய்தால் அது கலை, ராஜரத்தினம் பிள்ளைக்கு ஆசாரி செய்து கொடுத்ததுபோல. வீடியோ பார்த்துச் செய்தால் இரும்புத்தூள்தான் மிச்சம். ராவிய இரும்பு திரும்ப ஒட்டாது. 1996-உடன் நின்றுபோன வண்டி இது. நல்ல நிலையில் இருந்தால் லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்கும் ஒரு பழைய உலவு மாதிரி, அதில் போய்ப் புது ஓட்டை போடுவார்களா? சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: பதிவுச் சான்றில் உள்ளபடியில்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி.யை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பையன்கள் சொன்னதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேஃபிளை வெளியே எடுக்கத்தான் வேண்டும், கரி எடுப்பதற்காக. எரிந்த ஆயில் அதில் அடை அடையாகப் படிந்து, காலப்போக்கில் குழாயையே வேறு குழாயாக்கிவிடும். வண்டி இழுக்கவில்லை என்று எஞ்சினைப் பிரித்துச் செலவு செய்த பலருக்கு உண்மையில் அடைத்திருந்தது இதுதான். சைலென்சரின் பின்முனையில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். துருப்பிடித்திருந்தால் முதல்நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள். போல்ட்டைக் கழற்றி, இடுக்கியால் பிடித்து, திருகித் திருகி இழுத்தால் பேஃபிள் வரும். வைக்கோலைக் குவித்து அதில் போட்டுக் கொளுத்துங்கள். தணல் ஆறியதும் ஒரு கல்லில் தட்டினால் கரி பொலபொலவென்று உதிரும். வெளிக்குழாயை நெருப்பில் போடாதீர்கள், குரோம் போய்விடும். அதற்குள் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினின் அலுமினியத்தில் ஒரு சொட்டு பட்டாலும் அரித்துவிடும்.

கொளுத்துவதைச் சாயங்காலமாக, காற்று வயல் பக்கம் வீசும்போது வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளை வேட்டி காய்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.