மருந்தின் பெயர் தெரியும், மருந்து தெரியுமா?

நமது தேசத்தில் வைத்தியப் படிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட இடங்கள் இன்று இருக்கின்றன. கிராமங்களில் டாக்டர் இல்லையே என்று பல தலைமுறைகளாக ஏங்கிய ஒரு ஜாதிக்கு இது பெருமை தரும் விஷயமே. ஆயினும் எண்ணிக்கை ஒரு கணக்கு, தகுதி வேறு கணக்கு. ஒரு வாலிபருக்கோ யுவதிக்கோ ‘தேறினார்’ என்று சர்வகலாசாலை முத்திரை குத்தி அனுப்பும்போது, அந்த முத்திரையை நம்பித்தான் ஏழை ஜனங்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அந்த முத்திரை எதை அளந்து குத்தப்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வைத்தியக் கல்வியின் எல்லாப் பிரிவுகளையும் இங்கே எடுத்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. இன்று மருந்தியல் என்று வழங்கும் ஒளஷத சாஸ்திரம் ஒன்றை மட்டும் பார்ப்போம். சஸ்திர வைத்தியரின் கத்தி சிலர் மேல்தான் படுகிறது. மருந்துச் சீட்டு நுழையாத வீடோ இல்லை. மருந்து உடலுக்குள் எப்படிச் சேருகிறது, எங்கே பற்றுகிறது, என்ன செய்கிறது, எப்படி வெளியேறுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லும் சாஸ்திரம் இதுவே. இதில் மாணவனுக்கு உள்ள அறிவை எப்படிச் சோதிக்கிறோம்?

பரீக்ஷைத் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ன வகை மருந்துகளை வகைப்படுத்துக. இன்ன மருந்தின் தீய விளைவுகளை வரிசையாக எழுதுக. ‘அரை ஆயுள்’ என்பதற்கு இலக்கணம் கூறுக. மாணவன் இரவு பகலாக உருப்போடுகிறான், எழுதுகிறான், தேறுகிறான்.

கோர்ட்டில் பழகியவர்கள் ‘பாடம் சொல்லிக்கொடுத்த சாட்சி’யை நன்கு அறிவார்கள். முதல் விசாரணையில் அவனுடைய வாக்குமூலம் எழுத்துப் பிசகாமல் வரும். தேதி சரி, நேரம் சரி, எல்லாம் சரி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் வரிசையைச் சற்று மாற்றி, அவன் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டவுடன் சாட்சி விழிக்கிறான். கண்ணால் கண்டவன் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் பதில் சொல்லுவான். காதால் கேட்டு மனப்பாடம் செய்தவனால் முடியாது. நமது பரீக்ஷைகள் பெரும்பாலும் முதல் விசாரணையோடு நின்றுவிடுகின்றன. குறுக்கு விசாரணையை நோயாளியின் உடல் நடத்துகிறது. அங்கே சாட்சி தவறினால் தண்டனை சாட்சிக்கு இல்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். உடலில் உள்ள மருந்தில் பாதி வெளியேறுவதற்கு ஆகும் காலமே அதன் அரை ஆயுள். இந்த இலக்கணத்தை எழுதத் தெரியாத மாணவன் இருக்க மாட்டான். அவனையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஒரு மருந்தின் அரை ஆயுள் 24 மணி. தினம் 100 பங்கு கொடுக்கிறோம். உடலில் அதன் அளவு எத்தனை நாளில் நிலைபெறும்? அளவை இரட்டித்தால் சீக்கிரம் நிலைபெறுமா?’

கணக்கு மிகவும் எளிது. முதல் நாள் 100. மறுநாள் மீதி 50. அதோடு புதிய 100 சேர்ந்து 150. மூன்றாம் நாள் 175, நான்காம் நாள் 187½, ஐந்தாம் நாள் ஏறக்குறைய 194. இப்படியே 200-ஐ நெருங்கி அங்கே நின்றுவிடும். தினம் 200 பங்கு கொடுத்தாலும் 200, 300, 350, 375 என்று 400-ஐ நெருங்க அதே நாட்கள்தான் ஆகும். அளவைக் கூட்டினால் எட்டும் உயரம் கூடுகிறதே ஒழிய, நிலைபெறும் நாள் குறைவதில்லை. இலக்கணத்தை ஒப்பித்தவர்களில் எத்தனை பேர் இதைத் தயங்காமல் சொல்லுவார்கள்?

இது வெறும் கணக்கு விளையாட்டென்று நேயர்கள் நினைக்க வேண்டாம். இருதய நோய்க்குக் கொடுக்கப்படும் டிஜாக்ஸின் என்ற மருந்துக்கு, சிறுநீரகம் செவ்வையாக உள்ளவர்களிடத்தில், அரை ஆயுள் சுமார் ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்னும் வெகுவாக நீளும். குணம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி இதில் மிகக் குறுகியது. இரண்டு நாளில் குணம் தெரியவில்லையே என்று அவசரப்பட்டு அளவைக் கூட்டும் வைத்தியர், அடுத்த வாரத்தில் வரப்போகும் விஷத்தை இன்றே விதைக்கிறார். அவருக்கு மருந்தின் பெயர் தெரியும், வகை தெரியும், தீய விளைவுகளின் ஜாபிதாவும் தெரியும். தெரியாதது ஒரே ஒரு கருத்து.

இன்னொன்று. நீர் பிரியக் கொடுக்கும் மருந்துகளில் பூமெட்டனைடு 1 மில்லிகிராம், பியூரோஸிமைடு 40 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய சமானம். ‘ஒரு மில்லிகிராமிலேயே வேலை செய்கிறதே, இதுதான் பலமான மருந்து’ என்று சாமானிய ஜனங்கள் சொன்னால் மன்னிக்கலாம். சிறிய அளவில் வேலை செய்வது வீரியம். அதிகபக்ஷமாக எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது பலன். இவ்விரு மருந்துகளும் வீரியத்தில் வேறுபட்டாலும் பலனில் ஏறக்குறைய ஒன்றே. இந்தப் பேதத்தை அறியாத டாக்டர், மில்லிகிராமைக் காட்டி மருந்து விற்கும் கம்பெனிப் பிரதிநிதியின் வார்த்தைக்கு எளிதில் இரையாவார்.

மூன்றாவதும் ஒன்று. அபின் வர்க்கத்து மருந்தால் மூச்சு அடங்கிக் கிடப்பவனுக்கு நலக்ஸோன் ஊசி போட்டால் சில நிமிஷங்களில் கண் விழிக்கிறான். உடம்பில் அபின் பற்றும் அதே இடங்களை நலக்ஸோன் போட்டியிட்டுப் பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஆனால் நலக்ஸோன் சீக்கிரம் வெளியேறிவிடும். உள்ளே இருப்பது மெதடோன் போன்ற நெடுநேரம் தங்கும் மருந்தாயின், காலியான இடங்களை அது மீண்டும் பிடிக்கும்; விழித்தவன் மறுபடியும் மூச்சடங்குவான். போட்டி என்ற கருத்தையும் காலம் என்ற கருத்தையும் சேர்த்து அறிந்த வைத்தியர் அவனை வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்தில் இருந்து கவனிப்பார். ‘நலக்ஸோன் எதற்கு உபயோகம்?’ என்ற கேள்விக்கு முழு மார்க்கு வாங்கியவர் அனுப்பிவிடக்கூடும்.

மனப்பாடத்துக்கும் உணர்வுக்கும் உள்ள இந்தப் பேதத்தைச் சோதித்தறிய வழியுண்டு என்று முதலில் காட்டியவர்கள் பௌதிக சாஸ்திரிகள். 1992-ல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனீஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் விசை என்னும் கருத்தைப் பற்றிய ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டார்கள். அதில் சூத்திரம் இல்லை, பெருங்கணக்கும் இல்லை. சாதாரணப் பேச்சில் அமைந்த கேள்விகளே. ஆனால் தவறான விடைகள் மனம் போனபடி எழுதப்பட்டவையல்ல. மாணவர்கள் உண்மையிலேயே கொண்டிருந்த தப்பெண்ணங்களே விடைகளாக வைக்கப்பட்டிருந்தன. ஹார்வர்டு சர்வகலாசாலையில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் அதைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத் திகைத்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள் எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். 1998-ல் ரிச்சர்டு ஹேக் என்பவர் 6,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் விடைகளை ஒப்பிட்டு, பிரசங்கத்தை மட்டும் கேட்ட வகுப்புகளைக் காட்டிலும், மாணவர்களே விவாதித்துக் கற்ற வகுப்புகள் சுமார் இரண்டு மடங்கு முன்னேறியதைக் காட்டினார். சோதனை மாறியதால் போதனையின் குறை வெளிப்பட்டது.

ஒளஷத சாஸ்திரத்தில் இவ்வேலை தாமதமாகவே தொடங்கிற்று. இச்சாஸ்திரத்தின் மூலக் கருத்துக்கள் எவை என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒருமித்த ஜாபிதா இருக்கவில்லை. இதைத் தீர்க்க ஒரு சர்வதேச முயற்சி நடந்தது. 17 தேசங்களைச் சேர்ந்த 200-க்கு மேற்பட்ட ஆசிரியர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, முக்கியமான பாடநூல்களையும் சலித்து, 74 கருத்துக்களை முதலில் திரட்டினார்கள். பிறகு நிபுணர்கள் பல சுற்று விவாதித்து அவற்றைச் சுமார் 25 ஆகச் சுருக்கினார்கள். 2023-ல் இது பிரிட்டிஷ் ஒளஷத சாஸ்திர சஞ்சிகையில் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கான மருந்துகள் ஒரு பக்கம். 25 கருத்துக்கள் மற்றொரு பக்கம். எதைச் சோதித்தால் மாணவனை அறியலாம் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

‘ஞாபக சக்தி வேண்டாமா? அளவு தெரியாத டாக்டர் எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். வேண்டும், சந்தேகமே இல்லை. சட்டப் பிரிவுகளே தெரியாத வக்கீலை யார் நம்புவார்கள்? ஆனால் சட்டம் மாறினாலும் நீதியின் மூலதர்மங்களை அறிந்த வக்கீல் புதிய சட்டத்தைப் படித்துக்கொள்வார். மருந்துகள் சட்டங்களைவிட வேகமாக மாறுகின்றன. 1847-ல் ருடால்ப் புக்ஹைம் தோர்பாத் நகரில் ஒளஷத சாஸ்திரத்துக்கென்றே முதல் ஆராய்ச்சிக் கூடத்தை ஏற்படுத்தினார். அன்றைய மருந்துகளில் இன்று வழக்கில் உள்ளவை மிகச் சிலவே. அவர் எழுப்பிய ‘மருந்து எப்படி வேலை செய்கிறது?’ என்ற கேள்வியோ வாடாமல் நிற்கிறது. நமது தேசத்தில் 1921-ல் கல்கத்தா உஷ்ணப் பிரதேச வைத்தியக் கலாசாலையில் இச்சாஸ்திரப் பேராசிரியராக அமர்ந்த ராம் நாத் சோப்ரா, நம் நாட்டு மூலிகைகளை இந்தக் கேள்வியைக் கொண்டே பரிசோதித்தார். பழம்பெருமை பேசியோ மேல்நாட்டுப் பட்டியலை ஒப்பித்தோ அவர் கீர்த்தி பெறவில்லை.

நமது அதிகாரிகள் சும்மா இருந்துவிட்டார்கள் என்று சொல்லுவது நியாயமாகாது. 2019 முதல் திறமையை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் அமுலில் இருக்கிறது. அதை வகுத்த இந்திய வைத்தியக் கௌன்ஸிலின் ஸ்தானத்துக்கு 2020-ல் தேசிய வைத்தியக் கமிஷன் வந்தது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துரைப்பதும் மாணவனுக்கு வேண்டிய திறமைகளில் ஒன்று என்று அத்திட்டம் கூறுகிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் மாணவன் பாடத்திட்டத்தைப் படிப்பதில்லை. பழைய வினாத்தாள்களைப் படிக்கிறான். மேற்படிப்புக்கான நுழைவுப் பரீக்ஷையில் 200 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த முறையே பிசகென்று நாம் கூறமாட்டோம். கருத்துச் சோதனைகளும் அதே உருவத்தில்தான் இருக்கின்றன. மற்ற மூன்று விடைகளையும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே கேள்வி. மறதியைப் பிடிக்கும் விடைகள் வேறு. தப்பெண்ணத்தைப் பிடிக்கும் விடைகள் வேறு.

இதில் செலவு அதிகம் என்ற ஆக்ஷேபணையும் நில்லாது. ஒரு வகுப்பில் 150 மாணவர்கள் இருந்தாலும் இத்தகைய தாளை யந்திரமே திருத்திவிடும். பாடம் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை கொடுத்தால், மாணவன் கொண்டுவந்தது எது, கலாசாலை கொடுத்தது எது என்று பிரித்தறியலாம். முடிவில் எல்லோரும் ஒரே கேள்வியில் ஒரே தவறைச் செய்திருந்தால் குற்றம் மாணவர்களிடத்தில் இல்லை. ஆசிரியர் அந்தப் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். இச்சோதனையை மாணவர்களை வடிகட்டும் சல்லடையாகக் கொள்ளாமல், போதனையின் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதற்கு யந்திரமும் வேண்டியதில்லை. மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை ஏன் விழுங்கக் கூடாது என்று ஒரு குடியானவருக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஐயா, விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் கல்லீரலுக்குப் போகாமலே இரத்தத்தில் கலந்து உடனே வேலை செய்யும்’ என்று சொன்ன மாணவன் கருத்தை உணர்ந்தவன். ஆங்கிலச் சொற்றொடருக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவனுக்கு அந்தச் சொற்றொடர்தான் தெரியும். தமிழில் சாஸ்திரம் சொல்ல இயலாதென்பார் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். 19-ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் மொழிபெயர்த்துத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார்.

ஆகவே நமது சர்வகலாசாலைகள் செய்ய வேண்டியது பெரிய புரட்சியல்ல. ஒளஷத சாஸ்திரத் தாளில் ஒரு பகுதியை மூலக் கருத்துக்களுக்கென்று ஒதுக்கட்டும். நம் மாணவர்களின் தப்பெண்ணங்களை ஆசிரியர்கள் கேட்டறிந்து, அவற்றைக் கொண்டு கேள்விகளை அமைக்கட்டும். வாய்மொழிப் பரீக்ஷையில் ஒரு கேள்வியையாவது தாய்மொழியில் விளக்கச் சொல்லட்டும். எந்தக் கருத்தில் எத்தனை பேர் தவறினார்கள் என்பதை ஒளிக்காமல் பிரசுரிக்கட்டும். வரி கொடுத்துக் கலாசாலைகளை நடத்தும் ஜனங்கள், சட்டசபைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் எத்தனை கலாசாலை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கே என்ன சோதிக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். பரீக்ஷை மண்டபத்தில் கேட்கத் தவறிய கேள்வியை நோய்ப் படுக்கை ஒருநாள் கேட்டே தீரும். அதற்கு முன்னால் நாம் கேட்டுவிடுவது நலம்.